கண்ணாடிக் கடையில் கிடைத்த தங்கச்சி

நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதானா ஓர் ஆண்பிள்ளையின் கண்ணில் பட வேண்டும்? சௌந்திரத்துக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவள் மேல் குற்றமில்லை. குற்றமெல்லாம் அந்த டீயின் மேல். பிறந்ததிலிருந்து டீ என்ற வஸ்துவை அவள் கண்டதில்லை. தோட்டத்து வீட்டில் காலையில் நீராகாரம். விருந்தாளி வந்தால் காபி. பீங்கான் கோப்பையில் செம்மண் நிறத்தில் ஏதோ வந்ததும், மோர் குடிப்பதுபோல் ஒரே மடக்காகக் குடித்துவிட்டாள். நாக்கு பொத்துப்போய்விட்டதோ என்று பயம். எதிர்ச் சுவரில்தான் அவ்வளவு பெரிய கண்ணாடி இருக்கிறதே... திரையை இரண்டு விரலால் விலக்கினாள், எட்டிப் பார்த்தாள், நாக்கை நீட்டினாள். கண்ணாடிக்குள்ளே, அவள் முகத்துக்குப் பக்கத்தில், இரண்டு கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

அந்தக் கண்கள் கொஞ்ச நேரம் அங்கேயே சிரித்துக்கொண்டிருக்கட்டும். கடையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த நாற்பத்து மூன்றாம் வருஷத்தில், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 'கண்ணாடிக் கடை' என்றால் தெரியாதவர் கிடையாது. ஏற்காட்டு மலையில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராக இருந்தவர், ரயில் வந்த காலத்தில் ஆரம்பித்த டீ ரூம் அது. துரை சீமைக்குத் திரும்பியபோது, கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களையெல்லாம் பட்லர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதில் ஒன்று, ஆள் உயரத்துக்கும் மேலான நிலைக்கண்ணாடி. வைக்கோல் சுற்றி மாட்டு வண்டியில் மலையிறங்கி வந்ததாம். இப்போது பட்லரின் பேரன் வெள்ளியங்கிரி கடையை நடத்துகிறார். கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கண்ணாடிக் கடையில் ஒரு டீ குடிக்காமல் போனால், சேலத்துக்கு வந்ததாகவே சுற்றுப்பட்டி ஜனங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண்ணாடிக்கு மேலே ஒரு பலகை: 'இங்கே நின்று தலை சீவக் கூடாது.' நாக்கை நீட்டக் கூடாது என்று போடவில்லை. அது பட்லர் குடும்பத்தின் பிழை.

சௌந்திரம் புதுச்சத்திரத்துக்காரி. அப்பனும் ஆத்தாளும் இல்லை; சின்னண்ணன் என்று பெயர் கொண்ட அண்ணன்தான் வளர்த்தவன். அண்ணன், அண்ணன் மனைவி ராமாயி, சௌந்திரம் மூவரும் ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்கச் சேலம் அம்மாபேட்டைக்கு வந்தார்கள். எடுத்தாயிற்று. நாமக்கல் பஸ்ஸைத்தான் காணோம். ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது. பெண்களுக்கென்று திரை போட்டிருந்த மூலையில் இருவரையும் உட்கார வைத்துவிட்டு, துணி மூட்டையோடு பஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தான் அண்ணன்.

சரி... இப்போது அந்தக் கண்களுக்கு வருவோம்.

நல்ல கண்கள்தான். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மழையில் நனைந்து வந்து உட்கார்ந்திருந்த ஒரு வாலிபனுடையவை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டீக் கோப்பையை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. டீ புரையேறிவிட்டது.

சௌந்திரத்துக்கு வெட்கம் வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது. அவளுக்கு எப்போதும் இரண்டும் ஒட்டுக்காகத்தான் வரும்.

"என்னங்க சிரிப்பு? மொதல்ல உங்க மூக்கைப் பாருங்க!" என்றாள், திரைக்குப் பின்னாலிருந்து.

அவன் திடுக்கிட்டுக் கண்ணாடியைப் பார்த்தான். மூக்கு நுனியில் கட்டைவிரல் அகலத்துக்குக் கரி! ஈரக் கையால் அவசரமாகத் துடைத்தான். கரி கன்னத்துக்குப் போயிற்று. கன்னத்தைத் துடைத்தான். இந்தப் பக்கம் ஒரு அரை மீசை முளைத்தது. திரைக்குப் பின்னால் 'களுக்'கென்று ஒரு சத்தம்...

"ஆருகிட்டப் புள்ள பேசற?" என்று ராமாயி உள்ளேயிருந்து இடுப்பில் கிள்ளினாள்.

"ஆருமில்லீங்க நங்கையா. ஒரு கரிமூட்டை."

அண்ணன் மனைவியை நங்கையா என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். நங்கையாவும் திரையிடுக்கில் ஒரு கண்ணை வைத்தாள்.

"ஏனுங்க அம்முணி," என்றான் அவன், முகத்தைத் துண்டால் துடைத்தபடி. குரலில் சிரிப்பு இன்னும் ஈரமாக இருந்தது. "நாக்கு ரொம்பச் சுட்டுருச்சுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்துதான் எனக்கு ஒடம்பெல்லாம் சுடுது. அந்த பஸ்காரரு எங்க போய் ஒளிஞ்சிட்டிருக்காரோ! வரட்டும்... நல்லாக் கேக்கறேன்."

"என்னன்னுங்க கேப்பீங்க?"

"மழை வரும்னு தெரியாதா, கரியை நனையாம வெக்கத் துப்பில்லையா, உங்களுக்கெல்லாம் எதுக்கு பஸ்ஸுன்னு கேப்பேன்!"

பெட்ரோலுக்குப் பஞ்சமான காலம் அது. பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அதில் வரும் புகையால்தான் வண்டி ஓடியது. கரி நனைந்துவிட்டால் பஸ் பெருமூச்சு விடுமே தவிர நகராது.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதானா வெள்ளியங்கிரி சமையல்கட்டிலிருந்து வெளியே வர வேண்டும்?

"ஏனுங்க ராசப்பக் கவுண்டரே! காடைக் கூட்டத்து ராசா! உங்க பஸ்ஸு இன்னும் பத்தலையாமுங்க. டிரைவர் அடுப்பை ஊதி ஊதி மயக்கம் போட்டுருவான் போல இருக்குது. இன்னொரு டீ குடிங்க."

சௌந்திரம் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ்காரர்! இவர்தானா!

கண்ணாடியில் அந்தக் கண்கள் நிமிர்ந்தன. "கேளுங்க அம்முணி. கேக்கறேன்னு சொன்னீங்களே..."

என்னத்தைக் கேட்பது?  வெளியே மழை ஓட்டுக் கூரையில் சடசடவென்று அடித்தது. கடையில் ஏலக்காய் மணமும் ஈரத் துணி வாசனையும் கலந்து வந்தன. அவள் கண்ணை எடுக்க நினைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அவனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான். நேருக்கு நேர் பார்த்தால்தானே தப்பு? இரண்டு பேரும் கண்ணாடியைத்தானே பார்க்கிறார்கள்...

"வெள்ளியங்கிரியண்ணா," என்றான் ராசப்பன். "அவங்களுக்கு இன்னொரு டீ குடுங்க. ஆத்திக் குடுங்க. என்ற பங்குச் சக்கரையையும் அதுலயே போட்டுருங்க. எனக்கு வெல்லம் போதும்."

சர்க்கரை ரேஷனில் அளந்து கொடுத்த நாள் அது. கடையில் ஆளுக்கு ஒரு கரண்டிதான். அந்த டீயைச் சௌந்திரம் ஊதி ஊதிக் குடித்தாள். இப்போது அது அத்தனை மோசமாகத் தோன்றவில்லை.

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டான் அவன்.

"புதுச்சத்திரமுங்க. ரோட்டோரத்துத் தோட்டம்."

"அட, நம்ம பஸ்ஸு தெனமும் போற வழி!"  கோப்பையைக் கீழே வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். "அப்பறம்... எந்தக் கூட்டமுங்க?"

இந்த இடத்தில் சௌந்திரத்தின் நெஞ்சு ஏன் திக்கென்றது என்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துக் கவுண்டர் வீடுகளில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. காடைக் கூட்டம், ஆந்தைக் கூட்டம் என்று எத்தனையோ. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள், முன்பின் பார்த்தே இராவிட்டாலும், அண்ணன் தங்கை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் வேறு கூட்டத்தில்தான். ஆகவே ஒரு வாலிபன் ஒரு பெண்ணிடம் கூட்டம் என்ன என்று கேட்டால், அவன் எதற்கு அடி போடுகிறான் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

தெரிந்ததுதான் வம்பாயிற்று. அந்த வருஷம் தோட்டத்துக்கு வந்த தரகர் அத்தனை பேரும், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். இவரும் அந்த ஜாதிதானா? நாக்கைப் பார்த்துச் சிரிப்பாராம், சர்க்கரையைக் கொடுத்துச் சமாதானம் பண்ணுவாராம், உடனே கூட்டம் கேட்பாராம்! நான் என்ன சந்தையில் நிற்கிற கிடாரியா? இரு, உனக்கு வைக்கிறேன்...

"நாங்களும் காடைதானுங்க," என்றாள் சௌந்திரம், பால் வடியும் முகத்தோடு.

"நெசமாவா?"

"அட, ஆமாங்க. காடைக் கறியைக் கையில கூடத் தொட மாட்டமுங்க."

காடைக் கூட்டத்தார் காடையைத் தின்ன மாட்டார்கள். தங்கள் குலத்துப் பறவை என்று கும்பிடுவார்கள். சௌந்திரமோ ஆந்தைக் கூட்டம். போன வாரம்தான் அண்ணன் சோளக்காட்டில் வலை வைத்துப் பிடித்த காடையை மிளகு போட்டு வறுத்து, எலும்பைக்கூட விடாமல் கடித்தவள். உள்ளே ராமாயிக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

ஆனால் கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் சௌந்திரத்தின் குறும்பு அப்படியே நின்றுவிட்டது. விளக்கைத் தணித்ததுபோல் அந்தக் கண்களில் சிரிப்பு இறங்கிப்போயிற்று. ராசப்பன் எழுந்து நின்றான். துண்டைத் தோளிலிருந்து எடுத்தான்.

"அட... அப்ப நமக்குத் தங்கச்சிங்களா? தெரியாம என்னென்னமோ பேசிப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க தங்கச்சி."

சொன்னதோடு விடவில்லை. நாற்காலியைத் தூக்கித் தெருப்பக்கமாகத் திருப்பிப் போட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அவள் எவ்வளவு நேரம் பார்த்தும் அந்த ஈர முதுகு திரும்பவே இல்லை. அய்யோ... விளையாட்டுக்குச் சொன்னேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணன் வாசலில் நின்று, "வாங்க வாங்க, பஸ்ஸு பத்திக்கிச்சு!" என்று கூப்பிட்டான்.

பஸ்ஸில் ராசப்பன் அவளுக்கு முன்வரிசையில் இடம் ஒழித்துக் கொடுத்தான். "பின்னால ஒக்காராதீங்க தங்கச்சி, அடுப்புச் சூடு அடிக்கும்" என்றான். இறங்கும்போது, "சேறா இருக்குது, பாத்துப் போங்க தங்கச்சி" என்றான். ஒவ்வொரு தங்கச்சிக்கும் அவளுக்குள் ஒரு முள் ஏறியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை... வேடிக்கை நமக்கு, அவளுக்கு இல்லை. பஸ் தினமும் தோட்டத்தைத் தாண்டித்தான் போயிற்று. அந்த நேரம் பார்த்துச் சௌந்திரத்துக்கு வேலியோரத்தில் ஏதாவது ஒரு வேலை இருக்கும். அவளைக் கண்டதும் ராசப்பன் பஸ்ஸின் படியில் நின்றபடியே கையைத் தூக்குவான். எப்படி? பெரிய அண்ணன் சின்னத் தங்கையை ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி! சின்னண்ணன் நிலக்கடலை மூட்டைகளை அதே பஸ்ஸில்தான் சேலத்துக்கு ஏற்றிவிட்டான். "நல்ல மனுசன். மழையில மூட்டைய நனைய உட மாட்டான்" என்று மெச்சினான். அவர்கள் இருவருக்குள்ளும் கூட்டத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை. ராசப்பன் தெரிந்ததாக நினைத்துக்கொண்டான். மூட்டை ஏற்றுகிறவனிடம் கூட்டம் கேட்க வேண்டுமென்று அண்ணனுக்குத் தோன்றவில்லை.

கார்த்திகை நோம்பிக்கு, "தங்கச்சிக்கு" என்று சொல்லி ஒரு பை நிறையப் பொரியும் வெல்லமும் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான். சௌந்திரம் அந்தப் பொரியைத் தின்றுகொண்டே அழுதாள்.

"ஏன் கண்ணு, நெசத்தைச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் ராமாயி.

"எப்படிங்க நங்கையா சொல்றது?"

"வாயிலதான். 'நான் காடை இல்லீங்க, ஆந்தைங்க'ன்னு சொல்லு. முடிஞ்சுது."

சௌந்திரம் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம்தான். சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? ஒரு பெண் தானாகப் போய், நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை என்று ஒருவரிடம் சொன்னால்... மீதியைச் சொல்லாமலே சொன்னதாகிவிடாதா? அதைவிட அவர் தங்கச்சி என்றே கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். அவளுடைய ரோஷம் அப்படிப்பட்டது. ரோஷமாம், ரோஷம்! இரவெல்லாம் தலையணை நனைந்தது மட்டும் ரோஷத்துக்குத் தெரியவில்லை.

தை பிறந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து காளியப்பன் என்று ஒரு பெரியவர் வெற்றிலை பாக்கோடு தோட்டத்துக்கு வந்தார். சம்பந்தம் பேசுகிற மனிதர். இந்த முறை வாசலில் கூட்டம் கேட்கவில்லை. நேராகக் கட்டிலில் உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தார்.

"பஸ்ஸு ராசப்பன் அனுப்பினானப்பா. 'என்ற தங்கச்சி ஒண்ணு இருக்குது, நல்ல எடமாப் பாருங்க'ன்னு என்னையப் போட்டு அரிச்செடுத்துட்டான். பையன் பேரு தங்கசாமி. மோகனூர்ல காவேரிப் பாசனம், வாழைத் தோட்டம். தங்கமான பையன். ஆந்தைக் கூட்டம்."

சின்னண்ணன் கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. "எந்தக் கூட்டமுன்னீங்க?"

"ஆந்தை. ஏனப்பா, நீங்க காடைதானே?"

"ஆருங்க சொன்னது? நாங்களே ஆந்தைதானுங்க!"

பெரியவர் நெருப்பை மிதித்தவர்போல் எழுந்தார். "சிவ சிவா! அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா பேச வந்தேன்!" காதைப் பொத்திக்கொண்டு, வைத்த மோரைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

அண்ணனுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாளைக்கு ஊர் என்ன பேசும்? சின்னண்ணன் தன் தங்கைக்குப் பங்காளியையே மாப்பிள்ளை பார்த்தான் என்று சந்தை சந்தையாகச் சிரிக்க மாட்டார்களா? அப்புறம் எவன் இந்த வீட்டில் பெண் கேட்டு வருவான்?

"மூட்டைய நனையாமக் கொண்டுபோனானேன்னு நல்லவன்னு நெனச்சேன். இத்தனை எகத்தாளமா அவனுக்கு? நாலு பேரு முன்னால கேக்கறேன். இனி இந்தப் பக்கம் பஸ்ஸை ஓட்டிப்போடுவானா பாக்கறேன்!"

சௌந்திரம் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். தன் ஒரு பொய்க்காக அவர் பேச்சு வாங்கப்போகிறார்... "நானும் சேலத்துக்கு வாரேன் அண்ணா" என்றாள். 

"நீ எதுக்கு?"

"மாரியம்மனுக்கு வேண்டுதல் இருக்குதுங்க," என்று ராமாயி முந்திக்கொண்டாள். "ரெண்டு பேருக்குந்தான்."

ராசப்பனின் பஸ்ஸில் ஏறிப் போய் ராசப்பனையே திட்டுவது முறையில்லை என்று, சின்னண்ணன் அந்த வண்டியைப் போகவிட்டு வேறொரு பஸ்ஸில் ஏறினான். கோபத்திலும் நியாயஸ்தன். பஸ் சேலத்துக்கு வந்தால் ராசப்பன் டீ குடிக்கும் இடம் எல்லாருக்கும் தெரியும்.

கண்ணாடிக் கடை அன்றைக்கு நிறைந்திருந்தது. பெண்கள் இருவரும் திரை மூலைக்குப் போனார்கள். சௌந்திரம் இடுக்கு வழியாகப் பார்த்தாள். ராசப்பன் வழக்கமான இடத்தில், தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு முதுகைக் காட்டித்தான். இத்தனை நாளும் அப்படியேதான் உட்காருகிறாரா...

"வாங்கண்ணா! வாங்க!" என்று அவன் சந்தோஷமாக எழுந்தான். "காளியப்பமாமன் வந்தாருங்களா? எடம் புடிச்சுதுங்களா?"

"ஏப்பா," சின்னண்ணன் குரலில் கடையே திரும்பிப் பார்த்தது, "எங்க கூட்டத்துப் பையனையே எங்க புள்ளைக்குக் கட்டச் சொல்லி ஆளனுப்பறயே, நீ என்ன மனுசனா? எங்களப் பாத்தா உனக்கு எளக்காரமா இருக்குதா?"

"உங்க கூட்டத்துப் பையனா? தங்கசாமி ஆந்தைங்களே. நீங்க காடை..."

"எவன் சொன்னான் நாங்க காடைன்னு? தலமொற தலமொறையா ஆந்தை! சொல்லு, எவன் சொன்னான் உனக்கு?"

 ராசப்பனின் முகத்தில் ஏதோ ஓடியது. மெல்ல, மிக மெல்ல, அவன் பார்வை திரைப்பக்கம் வந்தது. புரிந்துவிட்டது அவனுக்கு! சௌந்திரம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். 'உங்க தங்கச்சிதான் சொன்னாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தப்பித்துக்கொள்வான். திரைக்குப் பின்னாலிருந்து முகம் தெரியாத ஆளோடு சிரித்துப் பேசிய பெண் என்று அவள் பெயர் கெடும்.

ராசப்பன் தலையைக் குனிந்தான். "ஆரும் சொல்லலீங்கண்ணா. நானாத்தான் தப்பா நெனச்சுக்கிட்டனுங்க. மன்னிச்சுப்போடுங்க."

"நெனச்சுக்கிட்டயா! இதுல நெனைக்கறதுக்கு என்னடா இருக்குது?" சின்னண்ணன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். வெள்ளியங்கிரி ஓடி வந்தார்.

திரை விலகியது.

அந்தக் கடை ஆரம்பித்த காலத்திலிருந்து, ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் நடுவே ஒரு பெண் வந்து நின்றதில்லை. சௌந்திரம் வந்து நின்றாள்.  கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் நின்றாள்.

"அவர உடுங்கண்ணா. அவரு மேல தப்பில்லீங்க. நான்தான் சொன்னேன், காடைக் கூட்டம்னு."

சின்னண்ணனின் கை தானாக நழுவியது. "நீயா? எதுக்கு?"

"ஐப்பசியில, மழைக்கு ஒதுங்கினமே... அன்னிக்குக் கூட்டம் என்னன்னு கேட்டாருங்க. வெளையாட்டாச் சொல்லிப்போட்டேன்."

"சரி, வெளையாட்டு. மறுநாளே நெசத்தைச் சொல்றதுக்கென்ன? மூணு மாசமாத் தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டிருக்கான், பொரி குடுத்தனுப்பிருக்கான், மாப்ள பாத்திருக்கான்... வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

சௌந்திரத்துக்கு அழுகையும் கோபமும் ஒட்டுக்காக வந்தன.

"எப்படீங்கண்ணா சொல்றது? நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லீங்கன்னு, ஒரு பொண்ணு தானாப் போய் ஒருத்தர்கிட்ட எப்படிச் சொல்லுவா? சொன்னா... எனக்கு அவரப் புடிச்சிருக்குதுன்னு சொன்னமாதிரி ஆயிருமே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.  மூலையிலிருந்து ஒரு கிழவர், "சொல்லிப்போட்டயே ஆத்தா..." என்றார்.

ராசப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். நேருக்கு நேர்.

"அப்ப... நீங்க ஆந்தைங்களா?"

முந்தானைக்குள் தலை ஆடியது.

"நெசமா? மறுபடி வெளையாட்டு இல்லீங்களே?"

"காடைக் கறியெல்லாம் நல்லாத் திம்பேனுங்க," என்றாள் அவள், முந்தானைக்குள்ளிருந்தே. கடை முழுக்கச் சிரித்தது. ராசப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. 

"ஒவ்வொரு தரமும் அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. எனக்குத்தான் குடுத்து வெக்கல, நல்ல எடத்துலயாவது போயி நல்லா இருக்கட்டும்னுதான் காளியப்பமாமன் காலப் புடிச்சேன்... தங்கசாமியவிட நல்லவன் இந்தச் சில்லாவுல இல்லீங்க. தேடிப் பாத்துட்டேன்."

சின்னண்ணன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். திட்டுவதற்கென்று புதுச்சத்திரத்திலிருந்து சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தையெல்லாம் அப்படியே மிச்சமாகிவிட்டது. திரைக்குள்ளிருந்து ராமாயியின் குரல் வந்தது.

"ஏனுங்க, காடைக்கும் ஆந்தைக்கும் குடுத்து எடுக்கறது உண்டுங்களே? எங்க பெரியப்பன் ஊட்டுல ரெண்டு பொண்ணு காடைக்குத்தான் போயிருக்குது."

"உனக்கும் தெரியுமா இதெல்லாம்?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் டீ குடிச்சிட்டிருக்கேன்."

சின்னண்ணன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். தங்கையைப் பார்த்தான். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கேட்டதையெல்லாம் கொடுத்து வளர்த்த பிள்ளை. வாய் திறந்து இது வேண்டும் என்று அவள் கேட்டு அவன் இல்லையென்று சொன்னதில்லை.

"அப்பனாத்தா இருக்காங்களா?" என்று ராசப்பனைக் கேட்டான், முறைப்பை முழுக்க விடாமல்.

"இருக்காங்கண்ணா."

"அண்ணன் என்னடா அண்ணன்! இனியும் அண்ணன்னு கூப்பிட்டயானா ஒதைப்பேன். வர்ற புதன்கிழமை நல்ல நாள். அவங்களக் கூட்டிக்கிட்டு மொறப்படி பொண்ணு பாக்க வந்து சேரு."

"கூட்டிக்கிட்டு வாரேனுங்க மச்சான்." ராசப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். கண்கள் பழையபடி சிரித்தன. "அவங்க பாக்கட்டுமுங்க. நான் ஐப்பசியிலயே பாத்துட்டேன்."

முந்தானை கொஞ்சம் விலகியது.

"நானுந்தான்," என்றாள் சௌந்திரம்.